பாட்டே வழி சொன்னது!

பாடியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பாடிய பாட்டு மட்டும் இருந்தது. கடைசியில் அந்தப் பாட்டே அவர் வீட்டுக்கு வழி காட்டியது!

இது நடந்தது அமெரிக்காவில். 1963-ம் ஆண்டு.

டாம் ஹாஸ்கின்ஸ் என்று ஒரு வாலிபர். பழைய கிராமபோன் பாட்டு என்றால் அவருக்கு உயிர். 1928-ல் பதிவான ஒரு பாட்டின் நகல் அவர் கைக்கு வந்தது. பாடியவர் பெயர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். திண்ணையில் உட்கார்ந்து நம்மோடு பேசுகிற மாதிரி ஒரு குரல். அந்தப் பாட்டிலே அவர் தன் சொந்த ஊரின் பெயரைச் சொல்லுகிறார். அவலான் என்று பெயர்.

ஹாஸ்கின்ஸ் தேசப்படத்தை விரித்தார். அவலானைக் காணோம். விடவில்லை. மிகப் பழைய தேசப்படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் மிசிசிப்பி மாநிலத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அவலான் இருந்தது. உடனே புறப்பட்டுப் போனார். ஊரில் விசாரித்தார். வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

அங்கே இருந்தவர் 70 வயதுக் கிழவர். பண்ணையில் கூலி வேலை செய்து பிழைத்தவர். வெளியூர்க்காரரைப் பார்த்ததும், போலீஸ்தான் தன்னைத் தேடி வந்துவிட்டது என்று பயந்தாராம்! அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார்கூட அப்போது இல்லை. ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். வாசித்தார். பழைய குரல், பழைய விரல். சந்தேகமே இல்லை.

அதே ஆண்டு ஜூலை மாதம், நியூபோர்ட் நகரில் நடந்த நாட்டுப் பாடல் விழாவில் அவர் மேடை ஏறினார். பெரிய கூட்டம். 1966-ல் அவர் இறந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் பாட்டுக்காரராகவே வாழ்ந்தார்.

35 ஆண்டு மறந்து கிடந்த மனிதரை எழுப்பியது எது? பழைய தட்டுகளைத் தேடிச் சேர்த்து, நல்ல பாட்டுகளைப் பொறுக்கி, மறுபடி ஒரே தட்டில் வெளியிடுகிற பழக்கம்தான். இதற்குத் தொகுப்புத் தட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தத் தொகுப்புத் தட்டுகளை வாங்கிச் சேர்ப்பதே ஆயுள் வேலையாகக் கொண்டவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

புளூஸ் என்பது என்ன?

அமெரிக்காவின் தென் பகுதியில் பருத்திக் காடுகள் அதிகம். அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாடிய பாட்டுத்தான் புளூஸ். சொல்லுவது பெரும்பாலும் கஷ்டம். கூலி கிடைக்காத கஷ்டம், வெள்ளம் வந்த கஷ்டம், வீட்டுக்காரி ஓடிப்போன கஷ்டம். முதல் அடியை இரண்டு தடவை பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லும். அவ்வளவுதான் இலக்கணம். ஆனால் ஒப்பாரி என்று நினைத்துவிடாதீர்கள். இதில் கிண்டலும் உண்டு, குத்தலும் உண்டு, ஆட்டமும் உண்டு.

1920-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணி நியூயார்க்கில் ஒரு புளூஸ் பாட்டைத் தட்டில் பாடினார். தட்டு விற்ற விற்பனையைப் பார்த்துக் கம்பெனிகளுக்கு ஆச்சரியம்! ஏழைகள் தட்டு வாங்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்களே! உடனே எல்லாக் கம்பெனிகளும் கறுப்பின மக்களுக்கென்றே தனியாகத் தட்டு போட்டன. "இனத் தட்டு" என்று அதற்குப் பெயர். 1949-ல் "பில்போர்டு" என்ற இசைப் பத்திரிகை இந்தப் பெயரை நீக்கி, "ரிதம் அண்டு புளூஸ்" என்று புதுப்பெயர் வைத்தது. அதற்குள் பாட்டும் மாறிவிட்டது. தனி ஆள் கிட்டாருக்குப் பதில் பட்டணத்து வாத்தியக் கோஷ்டி. அழுகையைவிடத் துள்ளல் அதிகம்.

அரக்கும் நாற்காலியும்

அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். கீழே போட்டால் அப்பளம்தான். அதில் சேர்ந்த முக்கியமான சரக்கு அரக்கு. மரத்தில் ஒரு பூச்சி உண்டாக்கும் பிசின் அது. அந்த அரக்கில் பெரும் பகுதி எங்கிருந்து போனது தெரியுமா? நம் இந்தியாவில் இருந்துதான்! மிசிசிப்பிக் கூலிக்காரரின் குரலைத் தாங்கிக்கொண்டிருந்தது நம் நாட்டுக் காட்டு அரக்கு.

இதனால் ஒரு கேடும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. 1942-ல் அமெரிக்க சர்க்கார் அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. புதிய தட்டு செய்யப் பழைய தட்டுகளை எடைக்கு வாங்கி அரைத்தார்கள். எத்தனை நல்ல பாட்டு மாவாகப் போயிற்றோ!

பாரமவுண்டு என்ற கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவர்கள் கிராமபோன் பெட்டியும் செய்தார்கள். பெட்டி விற்கவேண்டுமானால் பாட்டும் வேண்டுமே! ஆகவே தட்டும் போட ஆரம்பித்தார்கள். மட்டமான சரக்கு. புதுத் தட்டிலேயே இரைச்சல் கேட்கும். ஆனால் பாடியவர்கள் யார்? பிளைண்டு லெமன் ஜெபர்சன், சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ்! இன்று புளூஸ் உலகம் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாடும் பெயர்கள் இவை.

பொருளாதார நெருக்கடி வந்தது. 1932-ல் பாரமவுண்டு பாட்டுப் பதிவை நிறுத்தியது. தட்டு அச்சடிக்கிற உலோக மூலத் தகடுகளில் பெரும்பாலானவை பழைய இரும்பு விலைக்குப் போயின. தொழிலாளர்கள் கோபத்தில் தட்டுகளை ஆற்றில் வீசினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்பிப் பிற்காலத்தில் ஆற்றில் ஆளை இறக்கித் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மூலத் தகடு போய்விட்டது. அப்புறம் மிஞ்சியது என்ன? எங்கோ ஒரு ஏழை வீட்டுப் பரணில், ஆயிரம் தடவை போட்டுத் தேய்ந்த தட்டு. அது ஒன்றுதான் சாட்சி. அது உடைந்தால் பாட்டே இல்லை.

வீடு வீடாகத் தேடினார்

அந்தத் தட்டுகளைத் தேடி அலைந்தவர்களில் ஜோ பஸ்ஸார்டு என்பவர் பெரிய ஆள். மேரிலாந்து மாநிலத்தில் பிரெடரிக் என்ற ஊர்க்காரர். காரில் கிளம்பிப் பட்டிக்காட்டு வீடுகளில் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்பார். இப்படியே சேர்த்தது 15 ஆயிரம் தட்டுகளுக்கு மேல். எல்லாம் வீட்டின் நிலவறையில். அவர் மற்றவர்களுக்குக் காட்டாமல் பூட்டி வைக்கவில்லை. தொகுப்புத் தட்டு போடுகிறவர்கள் கேட்டால் நகல் எடுக்கக் கொடுத்தார். 2022-ல் காலமானார்.

இன்று வீடு வீடாகப் போனாலும் கிடைக்காது. விலையும் ஆகாயத்தில் நிற்கிறது. 2013-ல் டாமி ஜான்சன் என்ற பாட்டுக்காரரின் பாரமவுண்டு தட்டு ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஜான் டெப்டெல்லர் என்ற வியாபாரி அதை எடுத்தார். கொடுத்தது 37,100 டாலர்! ஒரே ஒரு தட்டு, இரண்டு பாட்டு.

நம்மைப் போன்றவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆகவேதான் தொகுப்புத் தட்டு. கோடீஸ்வரர் பெட்டியில் இருக்கும் பாட்டை நாமும் சில டாலரில் கேட்கலாம்.

இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர் ஹாரி ஸ்மித். படம் வரைவார், சினிமா எடுப்பார், ஒன்றிலும் பணம் சம்பாதிக்கமாட்டார். தான் சேர்த்து வைத்த 78 சுற்றுத் தட்டுகளில் இருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கினார். 1952-ல் போக்வேஸ் கம்பெனி அதை ஆறு நீண்ட தட்டுகளாக வெளியிட்டது. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று அதில் எழுதவே இல்லை! நிறத்தைப் பார்த்துத் தனித்தனி தட்டு விற்ற நாட்டில் இது லேசான காரியமா? நாம் முதலில் பார்த்த ஜான் ஹர்ட் பாட்டுகளில் இரண்டு இந்தத் தொகுப்பில்தான் இருந்தன. அவலான் கிழவரைத் தேடவேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்தது இதனால்தான்.

மேடையில் தட்டு பாடியது

ராபர்ட் ஜான்சன் கதை வேறு மாதிரி. 1936-லும் 1937-லும் டெக்சாஸ் மாநிலத்தில் 29 பாட்டுகள் பதிவு செய்தார். 1938 டிசம்பரில் நியூயார்க்கில் பெரிய கச்சேரி ஒன்றுக்கு அவரை அழைக்க ஜான் ஹாமண்டு என்பவர் ஏற்பாடு செய்தார். ஆள் எங்கே? ஆகஸ்டு மாதமே இறந்துவிட்டார். வயது 27. கச்சேரி மேடையில் அவருடைய தட்டைப் போட்டுக் கேட்கச் செய்தார்கள்.

1961-ல் அவர் பாட்டுகள் 16 ஒரு தொகுப்பாக வந்தன. இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் போன்ற வாலிபர்கள் அதைக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினார்கள். 1990-ல் கிடைத்த பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு சி.டி.களில் போட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது! கிராமி பரிசும் கிடைத்தது.

பணம் கொட்டியது. யாருக்குச் சேரவேண்டும்? கிளாடு ஜான்சன் என்று ஒருவர் மிசிசிப்பியில் சரளைக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "நான் ராபர்ட் ஜான்சனின் மகன்" என்று வழக்காடினார். அவர் தாயாருக்கும் ராபர்ட் ஜான்சனுக்கும் கலியாணம் நடக்கவில்லை. ஆகவே வழக்கு எளிதாக முடியவில்லை. தாயாரின் வயது முதிர்ந்த சிநேகிதி சாட்சி சொன்னார். 1998-ல் அவரே வாரிசு என்று கோர்ட்டு சொன்னது. 2000-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்பாவை அவர் நேரில் கண்டது சிறு பிள்ளையாக இருந்தபோது. அப்பா விட்டுப்போன சொத்து, அந்த 29 பாட்டுகள்!

கையெழுத்து வாங்கப் போன வக்கீல்

உயிரோடு இருந்தவர்களுக்காவது பணம் ஒழுங்காகக் கிடைத்ததா? ரூத் பிரவுன் அம்மையாரின் கதையைக் கேளுங்கள்.

1928-ல் பிறந்தவர். அட்லாண்டிக் என்ற புதிய கம்பெனிக்குப் பாடினார். 1950-ல் அவர் பாடிய ஒரு பாட்டு, ரிதம் அண்டு புளூஸ் வரிசையில் 11 வாரம் முதல் இடத்தில் நின்றது. அடுத்தடுத்து வெற்றி. "இது ரூத் கட்டிய வீடு" என்றே அந்தக் கம்பெனியைச் சொன்னார்கள்.

1961-ல் கம்பெனியை விட்டு விலகினார். பிறகு? பிள்ளைகளைக் காப்பாற்றவேண்டுமே! பிறர் வீட்டில் துப்புரவு வேலை செய்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவருடைய பழைய பாட்டுகளோ தொகுப்புத் தட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. அவருக்குப் பங்கு வரவில்லை. கேட்டால் கணக்கைக் காட்டினார்கள். பதிவுச் செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் பாடகியின் கணக்கில் பற்று. அதைக் கழித்தால் அவர்தான் கம்பெனிக்குப் பாக்கி!

அப்போதுதான் ஹவல் பெகிள் என்ற வக்கீல் வந்தார். வழக்குப் பேச வரவில்லை. அவர் சிறு வயது முதல் ரூத் பிரவுனின் ரசிகர். அதிக விலை கொடுத்து வாங்கிய பழைய தட்டுகளில் கையெழுத்து வாங்கவே வந்தார். "இந்தத் தட்டுகளால் உங்களுக்கு எவ்வளவு வருகிறது?" என்று பேச்சு வந்தது. வருவது ஒன்றுமில்லை என்று அறிந்தபோது வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலி வாங்காமலே வழக்கை நடத்த முன்வந்தார்.

பல ஆண்டுப் போராட்டம். அம்மையார் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 1988-ல் கம்பெனி இறங்கி வந்தது. அவருக்கு மட்டும் அல்ல, பழைய பாட்டுக்காரர்கள் முப்பது பேருக்கு மேல், பாக்கிக் கணக்கைத் தள்ளுபடி செய்தது. 20 ஆண்டுப் பங்குப் பணமும் கொடுத்தது. கஷ்டப்படும் பழைய கலைஞர்களுக்கு உதவ ஓர் அறநிலையமும் ஏற்பட்டது. அதற்கும் அந்தக் கம்பெனியே பணம் போட்டது. அடுத்த ஆண்டு, அறுபத்தொரு வயதில், நியூயார்க் நாடக மேடையில் பாடி டோனி பரிசு வாங்கினார் ரூத் பிரவுன். 2006-ல் காலமானார்.

சேகரிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்களிடம் இந்த வக்கீல் கதையைச் சொல்லலாம்.

எதைப் பார்த்து வாங்குவது?

மலிவுத் தொகுப்புகள் ஏராளம். பெரும்பாலானவை ஐரோப்பாவில் அச்சானவை. அதற்குச் சட்டம்தான் காரணம். அங்கே ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுதான். 2011-ல் 70 ஆண்டாக உயர்த்தினார்கள். ஆனால் 1962 வரை வந்த தட்டுகளுக்கு உரிமை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அது திரும்பவில்லை. ஆகவே அந்தக் காலத்துப் பாட்டை அங்கே யார் வேண்டுமானாலும் தொகுத்து விற்கலாம். பாடிய குரலுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. பாட்டு எழுதியவருக்கு மட்டும் உரிமை உண்டு. அமெரிக்காவில் வேறு சட்டம். 2018-ல் வந்த சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளிவந்த தட்டுகளுக்கு அங்கே 100 ஆண்டு உரிமை.

மலிவு என்பதற்காக எல்லாம் மோசம் அல்ல. விலை கூடியது எல்லாம் உயர்வும் அல்ல. உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டும் எந்த ஆண்டு, எந்த ஊரில் பதிவானது என்று இருக்கிறதா? வாசித்தவர்கள் பெயர் இருக்கிறதா? பழைய தட்டைக் கொடுத்து உதவியவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களா? இருந்தால் தைரியமாக வாங்கலாம். "தலைசிறந்த 100 பாட்டுகள்" என்று பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே ஓர் ஆண்டுகூட எழுதாத தொகுப்பு மற்றொரு தொகுப்பைப் பார்த்து நகல் எடுத்ததாகத்தான் இருக்கும்.

இரைச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. தேய்ந்த தட்டில் இருந்து நகல் எடுப்பது பெரிய கலை. பழைய தட்டின் கோடு அகலமானது. அதற்குத் தடித்த ஊசி வேண்டும். பல கனத்தில் ஊசி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். முந்தைய ஊசிகள் தேய்க்காத இடத்தில் ஒரு கனமுள்ள ஊசி போய் உட்காரும். அங்கே குரல் தெளிவாக இருக்கும். சுற்றும் வேகத்தையும் சரி செய்யவேண்டும். 78 என்று பெயரே தவிர, பல தட்டுகள் வேறு வேகத்தில் பதிவானவை. இவ்வளவும் செய்த பிறகும் இரைச்சல் கொஞ்சம் இருக்கும். இருக்கட்டும். இரைச்சலை முழுக்கத் துடைக்கிற கம்பெனிகள் குரலையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன. பாட்டுக்காரர் தலையணைக்கு அடியில் இருந்து பாடுவது போல ஆகிவிடும்.

ஆஸ்திரியாவில் ஜானி பார்த் என்பவர் ஆரம்பித்த டாக்குமென்ட் கம்பெனி ஒரு காரியம் செய்தது. போருக்கு முன் பதிவான புளூஸ் பாட்டுகளை, நல்லது கெட்டது பாராமல், பாடியவர் வாரியாக, தேதி வரிசையில் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான சி.டி.கள்! ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது பொக்கிஷம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்கவோ, என்னைக் கேட்டால், ஏற்றதல்ல. ஒரே ஆள், ஒரே சாயலில் 20 பாட்டு என்றால் ஐந்தாவது பாட்டிலேயே குழந்தைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் ஜான் ஹர்ட் 1928-ல் பாடிய 13 பாட்டுகள் கொண்ட தொகுப்பில் தொடங்கலாம். மொழி புரியாவிட்டாலும் மனிதர் புரிவார்.

இன்னும் வராத தட்டு

1930-ம் ஆண்டு மிசிசிப்பியில் இருந்து சார்லி பேட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன் என்ற மூன்று பாட்டுக்காரர்கள் பாரமவுண்டு கம்பெனிக்குப் பாட விஸ்கான்சின் போனார்கள். அப்போது சன் ஹவுஸ் பாடிய தட்டு ஒன்று 70 ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது. பிறகு ஒரே ஒரு பிரதி அகப்பட்டது. 2006-ல் யாசூ கம்பெனி அதைத் தொகுப்பில் சேர்த்து உலகம் கேட்கச் செய்தது.

உடன் சென்ற வில்லி பிரவுனின் தட்டும் ஒன்று உண்டு. பாரமவுண்டு எண் 13099. இரண்டு பக்கத்துப் பாட்டின் பெயரும் பட்டியலில் இருக்கின்றன. தட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சேகரிப்போர் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.